பொக்கைவாய் மண்டபம்

திண்டிவனம்
7 ஜூலை 2024

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போன வெள்ளிக்கிழமை நீங்கள் போனில் போட்ட சத்தம் பக்கத்து வீடு வரைக்கும் கேட்டது. ஸ்பீக்கரில் போட்டது என் தப்புதான். மாமி தொழுகை விரிப்பில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டார்கள். தமன்னாவும் கேட்டாள். "அத்தா ஏம்மா உன்னத் திட்டிக்கினே இருக்காரு?" என்று ஐந்து வயதுப் பிள்ளை கேட்டால் நான் என்ன சொல்வது? இனிமேல் உங்கள் மகளோடும் அம்மாவோடும் போனில் பேசிக்கொள்ளுங்கள். என்னிடம் கேட்க வேண்டியதைக் காகிதத்தில் கேளுங்கள். காகிதத்துக்குச் சத்தம் கிடையாது. கோட்டக்குப்பத்து யாஹ்யா மாமா மாதம் தவறாமல் மஸ்கட்டுக்கும் ஊருக்கும் போய் வருகிறார், அவர் கையில் கொடுத்தனுப்பலாம்.

"தினம் ரெண்டு வேளை ரோட்டுல போறியே, அப்படி இன்னாதான் பாத்துக்கினு போற?" என்றீர்கள். போலீஸ் ஸ்டேஷனில் நிற்க வைத்து விசாரிப்பது போல இருந்தது. சரி, வாக்குமூலம் தருகிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

கிளம்பியதும் ஈஸ்வரன் கோயில் கோபுரம். விடிகாலையில் புறாக்கள் எல்லாம் அதில் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருக்கும். ஊர் தாண்டினால் வெள்ளைக்காரன் காலத்தில் வழிப்பயணிகள் தங்கிய முசாபரி பங்களா; ஓடு பாதி போய்விட்டது, வாசல் தூண் மட்டும் இன்னும் யாரையோ வரவேற்கிற மாதிரி நிற்கிறது. கூட்டேரிப்பட்டில் நின்றால் தூரத்தில் மயிலம் மலையும் அதன் மேல் கோயிலும். அப்புறம் பழைய ரோட்டு வளைவில் நம்ம பொக்கைவாய் மண்டபம். அதைப் பார்த்தால் எனக்குத் தினமும் சிரிப்பு வரும். விழுப்புரம் நெருங்கும்போது ரயில்வேக்காரர்களின் செங்கல் குடியிருப்பு, அதில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது.

பிறகு ஆஸ்பத்திரி. கண் நோயாளிகளுக்குப் பதிவுச் சீட்டுப் போடுகிறேன். சாயங்காலம் இதே வரிசை தலைகீழாக. இவ்வளவுதான் நான் பார்ப்பது. திருப்தியா?

பெனாசிர்

*

மஸ்கட்
24 ஜூலை 2024

பெனாசிருக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். கடிதம் கிடைத்தது. நக்கலும் கிடைத்தது.

நீ எழுதியதைப் படிக்கும்போது முதலில் நன்றாகத்தான் இருந்தது. அந்த ரோட்டில் பதினொரு வருஷம் பஸ் ஓட்டியவன் நான். முசாபரி பங்களா வாசலில் ஒரு நாவல் மரம் உண்டே, அது இருக்கிறதா? இங்கே எனக்கும் அப்படி ஒன்று உண்டு. கடலோர ரோட்டில் பழைய காவல் கோபுரம், போர்ச்சுக்கீசியர் கட்டியது என்கிறார்கள். கம்பெனி பஸ்ஸில் கேம்ப்பிலிருந்து போகும்போது என் வலக்கை ஜன்னலை உரசுகிற மாதிரி வரும். கையை நீட்டினால் சுவரைத் தொட்டுவிடலாம். துப்பாக்கி நீட்டுவதற்கு விட்ட ஓட்டைகள் பதினேழு. ஒன்றில் மைனா கூடு கட்டியிருக்கிறது.

இப்போது ஒரு கேள்வி. பொக்கைவாய் என்ற பேரை உனக்கு யார் சொன்னது?

ஊரில் அதற்கு ஆறுகால் மண்டபம் என்றுதான் பேர். பஸ்ஸில் பெண்கள் உட்காரும் இடப்பக்க சீட்டிலிருந்து பார்த்தால் ஆறு தூணும் வரிசையாகத் தெரியும். டிரைவர் சீட்டிலிருந்து வளைவுக்கு வரும்போதுதான் நடுத்தூண் இரண்டும் புளியமரத்துக்குப் பின்னால் மறையும். முன்பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். அந்தப் பேரை வைத்தவன் என்னோடு பஸ் ஓட்டிய சவுரிராயன். அவன் சொல்லி நாங்கள் டிரைவர்கள் நாலைந்து பேர் சொன்னோம். எந்தப் பாசஞ்சரும் சொல்லிக் கேட்டதில்லை. உன்னிடமும் நான் சொன்னதில்லை, நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன்.

அதைப் பார்த்தால் உனக்குத் தினமும் சிரிப்பு வருகிறது. எங்கே உட்கார்ந்து பார்க்கிறாய்?

யூசுப் அலி

*

திண்டிவனம்
11 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மச்சானுக்கு,

சலாம். நாவல் மரம் இருக்கிறது.

பேர் விஷயம். பஸ்ஸில் கண்டக்டர் யாரோ சொன்னார், காதில் விழுந்தது. மண்டபத்துக்குப் பேர் வைத்தவர் பத்திரம் எழுதியா வைத்திருக்கிறார்? கூட்டமான நாளில் இடப்பக்கம் இடம் கிடைக்காது, முன்னால் நின்றுகொண்டு போவேன். அப்போது பார்த்திருப்பேன்.

ஒரு மண்டபத்தைப் பற்றி எழுதினால் மண்டபத்தைப் படிக்க மாட்டீர்களா? நான் எங்கே உட்கார்ந்தேன், யார் பக்கத்தில், யார் சொன்னது, இதைத்தான் படிப்பீர்களா? ஆசையாக எழுதினேன். அடுத்த முறை எழுதுவதற்கு முன் ஒவ்வொரு வார்த்தையையும் தட்டிப் பார்த்துத்தான் எழுத வேண்டும் போலிருக்கிறது.

மாமிக்கு முழங்கால் வலி பரவாயில்லை. தமன்னா உங்கள் பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வீடெல்லாம் "ரைட், ரைட்" என்று கத்துகிறாள்.

பெனாசிர்

*

மஸ்கட்
1 செப்டம்பர் 2024

பெனாசிருக்கு,

முன்னால் நின்றுகொண்டு போனாயா? நல்லது. மண்டகப்பட்டுக்கும் நின்றுகொண்டுதான் போனாயா?

என் தம்பி இர்பான் போன் செய்தான். செஞ்சி ரோட்டில் மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றப் போயிருக்கிறான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அண்ணா, அண்ணி மண்டகப்பட்டுல குகைக்கோயில்கிட்ட ஒரு வெள்ளை வேன்லேந்து எறங்கிச்சு. முன்னாடி கதவத் தொறந்துக்கினு எறங்கிச்சுண்ணா. நான் கூப்புடலாம்னு பாத்தேன், அதுக்குள்ள பாறைப் பக்கம் போயிடுச்சு. வேலை நாளாச்சே, எனக்கே பேஜாரா போச்சு."

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிறவளுக்கு மண்டகப்பட்டு எந்த வழியில் வருகிறது? உன் வாக்குமூலத்தில் கோபுரம் இருந்தது, பங்களா இருந்தது, மலை இருந்தது. அந்தக் குகையை ஏன் விட்டுவிட்டாய்?

சவுரிராயன் பஸ்ஸை விட்டுவிட்டு ஏதோ ஆஸ்பத்திரிக்கு வேன் ஓட்டுகிறான் என்று எனக்கும் சேதி வந்தது. இனி நீ எதையும் மறைக்க வேண்டாம். அவன் வேனில், அவன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போகிறாய். அவன் வைத்த பேரைச் சொல்லிச் சிரிக்கிறாய். ஒரு காலத்தில் ஒரே தட்டில் சாப்பிட்ட சிநேகிதன். தூ.

இந்த மாதத்தோடு வேலையை விடு. தமன்னாவை அம்மாவிடம் விட்டுவிட்டு நீ மட்டும் கோட்டக்குப்பத்துக்கு உன் வீட்டுக்குப் போ. போகவில்லை என்றால் நான் ஊருக்கு வந்து ஜமாஅத்தில் உட்கார்ந்து பேசிக்கொள்கிறேன்.

யூசுப் அலி

*

திண்டிவனம்
15 செப்டம்பர் 2024

யூசுப் அலி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை முதலில் கிழிக்கப் போனேன். மாமிதான் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆமாம், அவர்களுக்குப் படித்துக் காட்டினேன். ஒரு வார்த்தை விடாமல்.

இர்பான் பார்த்தது நிஜம். வெள்ளை வேனின் முன்கதவைத் திறந்துகொண்டுதான் இறங்கினேன். அது எந்தப் பக்கத்துக் கதவு என்று உங்கள் தம்பி சொல்லவில்லையா? நீங்களும் கேட்கவில்லையா? பதினொரு வருஷம் பஸ் ஓட்டியவருக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லையா?

வலப்பக்கக் கதவு. அந்த வேனை ஓட்டுவது நான்.

ஏழு மாதமாக ஓட்டுகிறேன். திண்டிவனத்திலிருந்து நர்சுகளை ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் விடுகிறேன், சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறேன். நடுவில் சீட்டுப் போடும் வேலையும் பார்க்கிறேன், அது பொய்யில்லை. அன்று மண்டகப்பட்டில் இலவசக் கண் முகாம். டாக்டரம்மாவையும் பெட்டிகளையும் ஏற்றிப் போனேன். முகாம் முடிகிற வரைக்கும் குகைக்குள் போய் உட்கார்ந்திருந்தேன். செங்கல், மரம், இரும்பு, சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கட்டியது என்று அதைக் குடைந்த ராஜாவே கல்லில் வெட்டி வைத்திருக்கிறானாம், டாக்டரம்மா சொன்னார். உள்ளே ஜில்லென்று இருந்தது. அதை உங்களுக்கு எழுத எவ்வளவு ஆசைப்பட்டேன் தெரியுமா? எழுதினால் எப்படிப் போனாய் என்பீர்களே என்று விட்டேன்.

சவுரிராயன் அண்ணன் ஆஸ்பத்திரியில் வேலை செய்யவில்லை. அவர் மனைவி இருதயமேரி அக்காதான் அங்கே இன்னொரு வேன் ஓட்டுகிறார். எனக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்ததும் அவர்தான். முதல் நாள் அந்த வளைவில், "அதோ பாரு பெனாசிரு, எங்க ஊட்டுக்காரரு வச்ச பேரு, பொக்கைவாயி. அது பல்லக் காட்டுச்சுன்னா நீ வேகத்தக் கொறைக்கணும்" என்றார். பேர் வந்த வழி இதுதான்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். நம் நிக்காஹ் முடிந்த புதிதில் உங்கள் சிநேகிதர்கள் சாப்பிட வந்திருந்தார்கள். எனக்கும் வண்டி ஓட்டக் கற்றுத் தாருங்கள் என்று கேட்டேன். "இவளுக்கு கிளட்ச் எது பிரேக் எதுன்னே தெரியாது, ஊட்டுக் கதவையே ரிவர்ஸ்ல தொறப்பா" என்று சொல்லி எல்லோரும் சிரித்தீர்கள். பிரியாணித் தட்டோடு நான் அங்கேயே நின்றிருந்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு மறக்கவில்லை. மறக்கவும் போவதில்லை.

லைசென்ஸ் எடுக்கப் போன அன்று வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டது உங்கள் அம்மா. "அவன்கிட்ட இப்ப சொல்லாதம்மா, அங்க தூங்காம கெடப்பான். நீ ஓட்டு, நான் இருக்கேன்" என்று சொன்னதும் அவர்கள்தான். இப்போது உங்கள் கடிதத்தைக் கேட்டுவிட்டு அழுகிறார்கள்.

தமன்னாவை விட்டுவிட்டு எங்கும் போக மாட்டேன். ஜமாஅத்துக்கு வாருங்கள். நானே வேன் ஓட்டிக்கொண்டு வருகிறேன்.

பெனாசிர்

*

மஸ்கட்
6 அக்டோபர் 2024

பெனாசிருக்கு,

அம்மாவிடம் பேசினேன். சலாம் சொன்னதற்குப் பதில் சலாம் மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார்கள்.

சவுரிராயனைப் பற்றி எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஆனால் மற்றது எனக்கு இன்னும் சந்தேகமாகவே இருக்கிறது. யாராவது சொல்லிக் கொடுத்து எழுதினாயோ? முன்சீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவளும் இவ்வளவு எழுதலாம். உண்மையிலேயே ஓட்டுகிறாய் என்றால் இதைச் சொல். அந்த வளைவில் கியரை எங்கே மாற்றுவாய்?

நான் ஒன்றும் கல் நெஞ்சக்காரன் இல்லை. உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். இன்றைக்குக் காலையில் பஸ் அந்தக் கோபுரத்தைத் தாண்டும்போது கையில் எடுத்து மறுபடி படித்தேன். மைனாக் குஞ்சு பறந்துவிட்டது, கூடு காலி. 

யூசுப் அலி

*

திண்டிவனம்
20 அக்டோபர் 2024

அன்புள்ள மச்சானுக்கு,

பரீட்சை வைத்தீர்கள், எழுதுகிறேன். வளைவுக்குள் கியரை மாற்றக் கூடாது. புளியமரம் தெரிந்ததும் இரண்டாவதுக்கு இறக்கிவிட வேண்டும். மரத்துக்குப் பின்னாலிருந்து மாடு வரும், இல்லாவிட்டால் சைக்கிள் வரும். ஒரு ஹாரன். பொக்கைவாய் முழுசாகப் பின்னால் போன பிறகுதான் மூன்றாவது. பாஸா, ஃபெயிலா?

இனி என் முறை.

நீங்கள் கம்பெனி பஸ் டிரைவராக மஸ்கட் போன முதல் மாதம் போனில் ஒரு கதை சொன்னீர்கள். பஸ்ஸில் ஏறி வலப்பக்கம் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தேடினீர்களாம். அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம் என்று கூட இருந்த மலையாளி சொல்லிச் சிரித்தானாம். நானும் நீங்களும் அன்று வயிறு வலிக்கச் சிரித்தோம். ஞாபகம் இருக்கிறதா?

அப்படியானால் அந்தக் கோபுரம் உங்கள் வலக்கை ஜன்னலை எப்படி உரசும்? கையை நீட்டி எப்படித் தொடுவீர்கள்?

உங்கள் முதல் கடிதத்தைப் படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நேற்று வேனில் போகும்போது தோன்றியது. விழுப்புரம் ரோட்டில் ஏழெட்டு மாதமாகப் போகிறேன். முசாபரி பங்களாவுக்கு எத்தனை ஜன்னல் என்று எனக்குத் தெரியாது. வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஜன்னலை எண்ண நேரம் ஏது? நீங்கள் பதினேழு ஓட்டை எண்ணியிருக்கிறீர்கள். மைனாக் கூட்டைப் பார்த்திருக்கிறீர்கள். பஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது என் கடிதத்தை எடுத்துப் படித்திருக்கிறீர்கள்.

"எங்கே உட்கார்ந்து பார்க்கிறாய்?" என்று என்னிடம் கேட்டீர்களே. நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் மச்சான்?

எனக்குக் கோபம் போய்ப் பயம் வந்துவிட்டது. மறைக்காமல் எழுதுங்கள்.

பெனாசிர்

*

மஸ்கட்
10 நவம்பர் 2024

அன்புள்ள பெனாசிருக்கு,

பாஸ். நான்கூட சில சமயம் வளைவுக்குள்தான் கியர் மாற்றுவேன்.

மூன்று காகிதம் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். நீ கண்டுபிடித்தது சரி. வலப்பக்கம், ஐந்தாவது வரிசை, ஜன்னலோரம். அதுதான் என் இடம்.

எனக்குச் சர்க்கரை என்று உனக்குத் தெரியும். அது கண்ணுக்குப் போய்விட்டது. இடது கண்ணில் எப்போதும் ஒரு புகை. ரம்ஜானுக்கு முந்தி லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் பரிசோதனை வைத்தார்கள். அந்தக் கண்ணால் எழுத்துப் பலகையில் மேல் வரியைத் தவிர ஒன்றும் சொல்ல முடியவில்லை. முதலாளி நல்லவர், ஊருக்கு அனுப்பாமல் ஸ்டோரில் அட்டைப்பெட்டி அடுக்க வைத்திருக்கிறார். நான் ஓட்டிய அதே பஸ்ஸில்தான் தினமும் போகிறேன். வேறொருவன் ஓட்டுகிறான். அவனுக்கு அந்த பஸ்ஸின் கிளட்ச் இன்னும் பழகவில்லை, ஒவ்வொரு தடவையும் தூக்கிப் போடுகிறான்.

டிரைவராக வந்தவன் பெட்டி தூக்குகிறேன் என்று உனக்கு எப்படிச் சொல்வேன்? சொல்லவில்லை. என் சீட்டில் இன்னொருத்தன் உட்கார்ந்திருப்பதை தினமும் பின்னாலிருந்து பார்த்துப் பார்த்து, அங்கேயும் என் இடத்தில் எவனோ உட்கார்ந்துவிட்டான் என்று புத்தி சொல்லிக்கொண்டே இருந்தது. நீ மண்டபம் என்று எழுதினால் எனக்கு ஆள் தெரிந்தான். என்னை மன்னித்துவிடு என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடு.

ஓட்டைகளை ஏன் எண்ணினேன் என்று கேட்கவில்லை நீ. வலது கண் நன்றாக இருக்கிறது, இப்போதைக்கு. அது இருக்கும்போதே எல்லாவற்றையும் பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்றுதான் எண்ணுகிறேன். பயமாக இருக்கிறது பெனாசிர். சிநேகிதர்கள் முன்னால் உன்னைச் சொல்லிச் சிரித்தவன், இன்றைக்கு இடப்பக்கம் வரும் வண்டி தெரியாமல் ரோட்டைத் தாண்ட அடுத்தவன் கையைப் பிடிக்கிறேன்.

டிசம்பரில் கணக்கு முடித்து ஊருக்கு வந்துவிடலாமா என்று இருக்கிறது. வரட்டுமா? நீ சொன்னால் வருகிறேன்.

யூசுப்

*

திண்டிவனம்
24 நவம்பர் 2024

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

வாருங்கள். இதைக் கேட்க வேண்டுமா?

கடிதத்தை மாமிக்குப் படித்துக் காட்டினேன். நீண்ட நேரம் துஆ கேட்டார்கள். பிறகு, "அவன ஜல்தி வரச் சொல்லு, கண்ணுல மருந்து ஊத்த ஆளு இருக்குன்னு சொல்லு" என்றார்கள். டாக்டரம்மாவிடமும் கேட்டுவிட்டேன். சர்க்கரையால் வருகிற புகையை லேசர் வைத்து மேலும் போகாமல் நிறுத்தலாமாம், சீக்கிரம் கூட்டி வரச் சொன்னார். போனது முழுசாகத் திரும்பும் என்று அவர் சொல்லவில்லை. நானும் உங்களிடம் அப்படிச் சொல்ல மாட்டேன். இனி நமக்குள் பொய் வேண்டாம்.

உங்கள் மேல் கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. தமன்னாவை விட்டுவிட்டுப் போ என்று எழுதினீர்களே, அதற்கு நேரில் சண்டை போடுவேன். தயாராக வாருங்கள்.

ஏர்போர்ட்டுக்கு இர்பான் வருவான். மறுநாள் காலையில் நான் ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுக்கும்போது நீங்களும் வர வேண்டும். பழக்க தோஷத்தில் வலப்பக்கக் கதவுக்குப் போகாதீர்கள், அங்கே நான் இருப்பேன். இடப்பக்கம் முன்சீட்டை உங்களுக்கென்று வைக்கச் சொல்லி நர்சுகளிடம் இப்போதே சொல்லிவிட்டேன். கண்டக்டராகத் தமன்னா வருகிறாளாம், ரைட் சொல்ல.

பழைய ரோட்டு வளைவில் நான் திரும்பிப் பார்க்க முடியாது, கண் ரோட்டில் இருக்க வேண்டும். பதினொரு வருஷம் நீங்களும் அப்படித்தான் போயிருப்பீர்கள். இந்தத் தடவை புளியமரத்தைத் தாண்டியதும் நிதானமாகத் தலையைத் திருப்பிப் பாருங்கள். எண்ணி எனக்குச் சொல்லுங்கள். அதற்கு எல்லாப் பல்லும் இருக்கிறது.

பெனாசிர்